ரகசியத் திட்டம் வெளியே வந்துவிட்டால் அரசு முதலில் தேடுவது யாரை? பள்ளிபாளையம் தாளும் லண்டன் தாளும்

பவர்டேபிள்_திருப்பூர் | இரவு 9:12

வணக்கமுங்க. போன வாரம் நம் மன்றத்தில் மழை பற்றிய இழையில், காவிரிக்கரைப் பள்ளிபாளையத்து நண்பர் பாவுநூல் ஒரு ஜெராக்ஸ் தாளைப் பற்றி இரண்டே வரி எழுதிவிட்டு நிறுத்திக்கொண்டார். ஆற்றில் எத்தனை கன அடி வந்தால் எந்தத் தெரு முங்கும் என்று ஓர் அலுவலகத்தில் தயாரித்து வைத்திருந்த தாள். அது வெளியே வந்ததும், தெருக்காரர்களுக்கு விவரம் சொல்வதை விட்டுவிட்டு, யார் கொடுத்தது என்று விசாரித்தார்களாம். அதைப் படித்ததிலிருந்து 2019 ஆகஸ்ட் மாதம் என் மனதை விட்டுப் போகவில்லை. அதனால்தான் தனி இழை. கொஞ்சம் நீளம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

அப்போது என்னிடம் முப்பத்தாறு மெஷின். ஓர் எக்ஸ்போர்ட் கம்பெனிக்கு பவர்டேபிள் கான்ட்ராக்ட், அதாவது கூலிக்குத் தைத்துக் கொடுக்கும் வேலை. குழந்தைகள் பைஜாமா செட், இங்கிலாந்துக் கடைக்குப் போவது. ஆகஸ்ட் மூன்றாவது வாரம் கம்பெனியிலிருந்து போன். "பேக்கிங் முடிஞ்சதை அனுப்ப வேண்டாம், அங்கேயே வையுங்க" என்றார்கள். இரண்டு நாள் கழித்து அதே ஆள், "எல்லாத்தையும் இந்த வாரமே ஏத்தணும், ராத்திரி ஷிஃப்ட் போடுங்க" என்றார். போட்டோம். மறுபடியும் நிறுத்தச் சொன்னார்கள். செக்கிங் டேபிளுக்கும் சுவருக்கும் நடுவே கார்ட்டன் பெட்டிகள் ஆள் உயரத்துக்கு ஏறிவிட்டன. பெட்டி மேல் ஒட்டுகிற ஷிப்மென்ட் தேதி ஸ்டிக்கரை மூன்று தடவை மாற்றினோம். பழையதைக் கிழித்தால் அட்டை பிய்ந்து வரும். அதனால் ஒன்றின் மேல் ஒன்றாக ஒட்டினோம். பேக்கிங்கில் இருந்த அம்மிணி, "அண்ணா, இது எப்பத்தான் போகுதுங்க?" என்று கேட்டது. எனக்கே தெரியாது, என்ன சொல்வது? அந்த மாதம் ஓவர்டைம் கூலி என் கையிலிருந்து போனது. பில் பாஸானது தீபாவளி கழிந்துதான்.

காரணம் ஒரு வாரம் கழித்து பையிங் ஹவுஸ் தம்பி சொல்லித்தான் தெரிந்தது. ஆகஸ்ட் 18, ஞாயிற்றுக்கிழமை, லண்டனில் சண்டே டைம்ஸ் பத்திரிகை ஓர் அரசாங்கத் தாளை வெளியிட்டுவிட்டது. ஒப்பந்தம் எதுவும் இல்லாமல் பிரிட்டன் ஐரோப்பிய யூனியனை விட்டு வெளியேறினால் என்னென்ன முட்டுப்பாடு வரும் என்று அந்த நாட்டு அமைச்சரவை அலுவலகம் போட்டு வைத்த கணக்கு அது. பெயர் ஆபரேஷன் யெல்லோஹாமர். அது அங்கே ஒரு குருவியின் பெயர். முதல் நாளில் 50 முதல் 85 சதவீத லாரிகள் பிரான்ஸ் சுங்கத்துக்கு வேண்டிய காகிதங்களோடு தயாராக இருக்காது. டோவர் துறைமுகத்துக்கும் பிரான்ஸுக்கும் நடுவிலுள்ள குறுகிய கடல்வழியில் லாரிப் போக்குவரத்து அப்போதிருந்ததில் 40 முதல் 60 சதவீதமாகச் சுருங்கும். ஒரு லாரி அதிகபட்சம் ஒன்றரை நாளிலிருந்து இரண்டரை நாள் வரை நிற்கலாம். மோசமான நிலை மூன்று மாதம் வரை போகலாம். இவ்வளவு துல்லியமாக எழுதி வைத்திருந்தார்கள்.

எங்கள் சரக்கு தூத்துக்குடியில் ஏறி, கொழும்பில் கப்பல் மாறி, ராட்டர்டாம் போகும். பையருடைய கிடங்கு ஹாலந்தில். அங்கே பிரித்து லாரியில்தான் இங்கிலாந்துக்கு அனுப்புவார்கள். அப்படியென்றால் அந்தத் தாளில் எழுதியிருந்தது என் பெட்டிகளின் கதை. பையருக்கு அரைகுறையாகத் தெரிந்திருக்கிறது, கம்பெனிக்கு அதில் பாதி, எனக்கு ஒன்றுமே தெரியாது.

என்னை உறுத்துவது தாள் வெளியே வந்த பிறகு அந்த அரசாங்கம் நடந்துகொண்ட விதம். முதலில் "இது பழைய தாள், முந்தைய ஆட்சியில் எழுதியது" என்றார்கள். முன்னாள் அமைச்சர் ஒருவர்தான் கெடுதல் செய்யக் கொடுத்துவிட்டார் என்று பிரதமர் அலுவலகப் பக்கமிருந்தே பத்திரிகைகளுக்குப் பேச்சு போனது. பிறகு பார்த்தால் தாளில் தேதி ஆகஸ்ட் 2. போரிஸ் ஜான்சன் பிரதமராகப் பதவியேற்றது ஜூலை 24. புது ஆட்சி வந்து ஒன்பது நாள் கழித்து எழுதிய தாளைப் பழையது என்றிருக்கிறார்கள். செப்டம்பர் 9 அன்று அந்த நாட்டு நாடாளுமன்றம் 311-க்கு 302 என்று ஓட்டுப் போட்டு "தாளைக் கொண்டு வந்து வை" என்றது. 11-ஆம் தேதி வைத்தார்கள். தலைப்பு வேறாக இருந்தது. கசிந்ததில் "அடிப்படை நிலை" என்று இருந்ததாகச் செய்தியை எழுதிய நிருபர் சொன்னார். அரசு வெளியிட்டதிலோ "நியாயமாக எதிர்பார்க்கக்கூடிய மிக மோசமான நிலை". 15-ஆம் பத்தியைக் கறுப்பு மை பூசி மறைத்திருந்தார்கள். அந்தப் பத்தி எண்ணெய் சுத்திகரிப்பு ஆலைகளைப் பற்றியது. அது கசிந்த தாளில் இருந்ததால் நிருபர் அன்றைக்கே எடுத்துப் போட்டுவிட்டார்.

விலைவாசி ஏறினால் குறைந்த வருமானக்காரர்கள்தான் அதிகம் பாதிக்கப்படுவார்கள் என்று அதே தாளில் ஒரு வரி இருக்கிறது. எழுதியவருக்கு இது தெரியும். தெரிந்தும் யாரைப் பற்றி எழுதினாரோ அவர்களிடம் சொல்ல வழி வைக்கவில்லை.

இதைப் பற்றி உங்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள். பாவு அண்ணா, அந்தத் தாளின் கதையை முழுசாக எழுதுங்க.


பாவுநூல் | இரவு 10:05

எழுதுகிறேன் தம்பி. எந்த அலுவலகம் என்று மட்டும் சொல்ல மாட்டேன். சொன்னால் அந்தப் பையனுக்குத்தான் மறுபடியும் தொந்தரவு.

2022 ஆகஸ்ட். மேட்டூர் நிரம்பி, வந்த தண்ணீர் அப்படியே வெளியே போய்க்கொண்டிருந்தது. 2 லட்சம் கன அடியைத் தாண்டிய நாட்கள். பவானி, குமாரபாளையம், எங்கள் பள்ளிபாளையம், கரையோரம் எல்லாருக்கும் தூக்கம் போன வாரம் அது. மைக் கட்டிய ஆட்டோ வரும், "கரையோர மக்கள் பாதுகாப்பான இடத்துக்குச் செல்லவும்" என்று சொல்லிவிட்டுப் போகும். கரையோரம் என்றால் எதுவரைக்கும்? என் வீட்டிலிருந்து ஆறு நான்கு தெரு தள்ளி. 2018-இலும் தண்ணீர் வந்தது. அப்போது என் வாசல்படிக்கு வரவில்லை, பக்கத்துச் சந்துக்கு வந்தது. தரை மட்டம் கண்ணுக்குத் தெரியாமல் ஏறி இறங்கும், அதனால் தூரத்தை வைத்துக் கணக்குப் போட முடியாது.

எனக்குத் தெரிந்த ஒரு பையன் அந்த அலுவலகத்தில் தற்காலிக வேலையில் இருந்தான். என்னைக் கூப்பிட்டு ஒரு தாளைக் காட்டினான். ஏ4 ஜெராக்ஸ், இரண்டு பத்தி. இடது பக்கம் மேட்டூரிலிருந்து விடும் தண்ணீர் அளவு, படிப்படியாக. வலது பக்கம் அந்தந்த அளவுக்கு முங்கும் தெருக்கள். எங்கள் தெரு கீழிருந்து மூன்றாவது வரி. இத்தனை வருஷம் நாங்கள் ஆற்றைப் பார்த்துப் பார்த்துக் குத்துமதிப்பாகச் சொல்லிக்கொண்டிருந்ததை யாரோ ஒருத்தர் நடந்து அளந்து உட்கார்ந்து எழுதியிருக்கிறார். அந்த மனுஷனைக் கும்பிடலாம், அவ்வளவு சரியான வேலை.

எனக்கு எட்டு தறி. அன்றைக்குச் சாயந்திரம் ஐந்து மணிக்கு ஆரம்பித்தோம். ஒவ்வொரு மோட்டாருக்கும் நான்கு போல்ட்டு. துரு ஏறி, ஸ்பேனர் வழுக்கும். கழற்றி மாடிக்கு ஏற்றினோம். பாவு (தறியில் நீளவாக்கில் ஓடும் நூல்) சுற்றிய பீம் உருளையை இரண்டு ஆள் தோளில் போட்டு, படியில் பக்கவாட்டாகத் திருப்பித் திருப்பித்தான் ஏற்ற முடியும். பாவு ஒரு தடவை ஆற்றுத் தண்ணீரில் நனைந்தால் கஞ்சி கரைந்து நூலோடு நூல் ஒட்டிவிடும், அறுத்துப் போட வேண்டியதுதான். எட்டில் ஆறு பீமை ஏற்றிவிட்டோம். ராத்திரி இரண்டரை மணிக்கு தண்ணீர் முதல் படியைத் தொட்டது. விடியும்போது முழங்கால் அளவு. கீழே விட்ட இரண்டு பாவும் போச்சு. ஆறு பிழைத்தது அந்தத் தாளால்தான்.

பக்கத்தில் ஐந்து வீட்டுக்குச் சொன்னேன். அதில் ஒருவர் போட்டோ எடுத்து வாட்ஸப்பில் போட்டுவிட்டார். மறுநாள் தண்ணீர் தெருவில் நிற்கும்போதே ஓர் ஆள் வந்தார். "உங்களுக்கு எப்படிங்க கிடைச்சது? யார் கொடுத்தா?" எத்தனை வீடு முங்கியிருக்கிறது, சோறு கிடைத்ததா, எதுவும் கேட்கவில்லை. நான் வாயைத் திறக்கவில்லை. ஆனாலும் அந்தப் பையனை வேறு மேஜைக்கு மாற்றி, கொஞ்ச நாளில் வேலையை விட்டும் நிறுத்திவிட்டார்கள். அதை நினைத்தால் இன்றைக்கும் எனக்குச் சோறு இறங்காது. எங்களுக்காகத்தானே காட்டினான்.


ஓய்வு_வருவாய்_கோபி | இரவு 11:20

இருவரும் எழுதியதைப் படித்தேன். பாவுநூல் அவர்களே, உங்கள் இழப்புக்கு வருந்துகிறேன். முப்பத்தோரு வருடம் வருவாய்த் துறையில் இருந்தவன். இது மாதிரித் தாள்களை நானும் தயாரித்திருக்கிறேன். அதனால் அந்தப் பக்கத்து நியாயத்தையும் சொல்ல வேண்டியவனாக இருக்கிறேன்.

தாளில் உள்ளது மதிப்பீடு. பவானி ஆற்றிலும் அதே நேரம் தண்ணீர் வந்தால், அது காவிரியில் சேரும் கூடுதுறைக்குக் கீழே கணக்கு மாறும். தாளில் பெயர் இல்லாத தெருக்காரர் "நமக்கு வராது" என்று நிம்மதியாகப் படுத்துத் தூங்கிவிட்டால் என்ன ஆகும்? அந்தப் பயம் எங்களுக்கு உண்டு. பிறகு வதந்தி. 2023 மார்ச் மாதம் திருப்பூரில் நடந்தது நினைவிருக்கும். வடமாநிலத் தொழிலாளர்களை இங்கே தாக்குகிறார்கள் என்று பொய் வீடியோக்கள் பரவி, ரயில் நிலையத்தில் கூட்டம் அலைமோதி, பீகாரிலிருந்து அதிகாரிகள் குழுவே வந்து பார்த்துவிட்டுப் போனது. ஒரு வீடியோவுக்கு அந்த வேகம் என்றால், அரசு முத்திரை போட்ட தாளுக்கு எவ்வளவு இருக்கும்? பேரிடர் மேலாண்மைச் சட்டம் 54-ஆம் பிரிவு, பொய் எச்சரிக்கை பரப்பினால் ஓராண்டு வரை சிறை என்று வைத்திருப்பது சும்மா இல்லை.

இன்னொன்று. சில திட்டங்கள் வெளியே தெரிந்தாலே செத்துவிடும். 2012-இல் கிரீஸ் நாடு யூரோவை விட்டு விழுந்துவிடுமோ என்ற நிலையில் ஐரோப்பிய அதிகாரிகள் இருபத்துச் சொச்சம் பேர் 'பிளான் இசட்' என்று ஒன்று தயாரித்தார்கள். முழுத் திட்டத்தையும் ஒரே ஆவணமாக எழுதக்கூட இல்லை. இரண்டு வருடம் கழித்துத்தான் உலகத்துக்குத் தெரிந்தது. அன்றே தெரிந்திருந்தால் மறுநாள் காலையில் அந்த நாட்டு வங்கி வாசல் அத்தனையிலும் வரிசை நின்றிருக்கும். வராமலே போயிருக்கக்கூடிய ஆபத்தைத் தாளே கொண்டு வந்து சேர்த்திருக்கும்.

அந்தப் பையனை வேலையை விட்டு நிறுத்தியது தவறு. அதில் எனக்கு இரண்டு கருத்து இல்லை. ஆனால் எல்லாத் தாளும் எல்லார் கைக்கும் என்பதை என்னால் ஏற்க முடியாது.


கப்பல்_கணக்கு | காலை 6:48

ஒரு சின்னச் சந்தேகம். நம்ம ஊர்க் கன்டெய்னர் பெரும்பாலும் ஃபெலிக்ஸ்டோவ், சவுத்தாம்ப்டன் துறைமுகத்துக்கு நேராகப் போகும். டோவர் என்பது லாரி போகும் வழி. அப்படியிருக்க டோவர் நெரிசல் திருப்பூருக்கு எப்படி?


பவர்டேபிள்_திருப்பூர் | காலை 7:15

சரியான கேள்விங்க. நேராகப் போகிற சரக்குக்கு அந்தக் கணக்கு பொருந்தாது. எங்கள் பையருக்குக் கிடங்கு ஹாலந்தில் என்பதால்தான் சிக்கிக்கொண்டோம். பாருங்கள், தாள் கையில் இருந்திருந்தால் இதையே அன்றைக்கு நாங்கள் பேசியிருப்போம். யாருடைய சரக்கு எந்த வழி என்று பிரித்து, நேராகப் போவதைத் தைரியமாக ஏற்றியிருக்கலாம். தாள் இல்லாததால் எல்லாருமே பயந்தோம், பயப்பட வேண்டாதவர்களும் சேர்ந்து.


லீட்ஸ்_பெருந்துறை | மதியம் 1:30

அண்ணா, அப்போது நான் இங்கே இங்கிலாந்தில்தான் இருந்தேன். பெருந்துறையில் பிறந்து வளர்ந்து, இங்கே நர்ஸ் வேலைக்கு வந்து பதினான்கு வருஷம் ஆகிறது.

ஐரோப்பாவிலிருந்து வரும் மருந்துகளில் பெரும்பங்கு அந்தக் கடல்வழியாகத்தான் வருகிறது. குறுகிய கடல்வழியில் முக்கால் பங்கு மருந்து வருகிறது என்று யெல்லோஹாமர் தாளே சொன்னது. 2018 ஆகஸ்டிலேயே சுகாதார அமைச்சர் மருந்துக் கம்பெனிகளிடம் ஆறு வாரத்துக்குக் கூடுதலாக இருப்பு வையுங்கள் என்றும், நோயாளிகளிடமும் ஆஸ்பத்திரிகளிடமும் நீங்கள் சேர்த்து வைக்க வேண்டாம் என்றும் சொல்லிவிட்டார். அதில் நியாயம் உண்டு. ஆளுக்கு ஆள் பதுக்கினால் இருக்கிறவனுக்குக் கிடைக்கும், இல்லாதவனுக்குக் கிடைக்காது. எங்களையும் அப்படியே சொல்லச் சொன்னார்கள், நானும் சொன்னேன். தாள் பத்திரிகையில் வந்த வாரம் என் வார்டுக்கு வந்து போகிற ஒரு பாட்டி, இன்சுலின் போடுபவர், பேப்பரை நான்காக மடித்துக் கைப்பையில் வைத்துக்கொண்டு வந்தார். என் கையைப் பிடித்துக்கொண்டு, "நீ போன மாதம் சொன்னது உனக்குத் தெரிந்து சொன்னதா, தெரியாமல் சொன்னதா?" என்று கேட்டார். எனக்குத் தெரியாது என்றேன், அது உண்மைதான். ஆனால் அதற்குப் பிறகு நான் எது சொன்னாலும் அந்தம்மா இன்னொருவரிடம் கேட்டு உறுதி செய்துகொள்வார்.

கோபி ஐயா பயத்தைப் பற்றி எழுதியிருந்தீர்கள். நான் பார்த்த வரையில் தாளைப் படித்தபோது யாரும் கலங்கவில்லை. அரசாங்கம் "பழைய தாள்" என்று சொல்லி, அது பொய் என்று தெரிந்தபோதுதான் கலங்கினார்கள்.

இதைவிடப் பெரிய விஷயம் ஒன்று உண்டு. 2016 அக்டோபரில் இந்த நாட்டு அரசாங்கம் மூன்று நாள் ஒரு ஒத்திகை நடத்தியது. பெரிய ஃப்ளூ கொள்ளைநோய் வந்தால் தாங்குவோமா என்று. பெயர் எக்சர்சைஸ் சிக்னஸ். தாங்க மாட்டோம், ஏற்பாடு போதாது என்று அறிக்கை எழுதினார்கள், முதியோர் இல்லங்களுக்கு நோயாளிகளை மாற்றினால் அவை திணறும் என்பது உள்பட. அறிக்கை அப்படியே அலமாரிக்குப் போனது. 2020 மே மாதம் கார்டியன் பத்திரிகைக்குக் கசிந்துதான் ஊருக்குத் தெரிந்தது. அரசாங்கமாக வெளியிட்டது அக்டோபரில். அதற்குள் முதியோர் இல்லங்களில் என்ன நடந்தது என்று உங்களுக்கும் செய்தியில் தெரிந்திருக்கும், நான் நேரில் பார்த்தேன். 2017-இலேயே அந்த அறிக்கையை இல்லம் நடத்துபவர்கள் கையில் கொடுத்திருந்தால் கையுறையும் முகக்கவசமும் வாங்கி வைத்திருப்பார்கள். இதை எழுதும்போதே கை நடுங்குகிறது, இத்தோடு நிறுத்துகிறேன்.


ஆழியாறு_தென்னை | மதியம் 2:10

2022 செப்டம்பர் 21 விடியற்காலை பரம்பிக்குளம் அணையின் நடு ஷட்டர், எதிரெடைச் சங்கிலி அறுந்து கழன்றது. சுமார் 20,000 கன அடி கேரளப் பக்கம் போய்க்கொண்டே இருந்தது. அணை இருப்பது கேரளத்தில், பராமரிப்பு நம்முடையது. நமக்குப் போனது பிஏபி (பரம்பிக்குளம் ஆழியாறு திட்டம்) பாசனத் தண்ணீர். சாலக்குடி ஆற்றங்கரையில் இருந்தவர்களுக்கு அது உயிர்ப் பயம். ஷட்டர் கழன்றால் தண்ணீர் எத்தனை மணிக்கு எந்த ஊரைத் தொடும் என்று முன்கூட்டியே கணக்கிட்டு வைப்பதற்குத்தான் அவசரகாலச் செயல் திட்டம். 2021 அணைப் பாதுகாப்புச் சட்டம் ஒவ்வொரு பெரிய அணைக்கும் அதைக் கட்டாயம் ஆக்கியிருக்கிறது. பவானிசாகர், அமராவதி, ஆழியாறு எல்லாவற்றுக்கும்தான். என் தோப்பு ஆழியாறு அணைக்குக் கீழே. அந்த வரைபடத்தில் என் தோப்பு எந்த நிறத்தில் இருக்கிறது என்று எனக்கு யாரும் காட்டியதில்லை.


கோவை_வக்கீல் | மாலை 5:55

சட்டம் என்ன சொல்கிறது என்று சொல்கிறேன். கோபி ஐயா சொன்ன 54-ஆம் பிரிவு பொய்யான எச்சரிக்கைக்கு மட்டும்தான். அதனால் மக்களிடம் பீதியும் கிளம்பியிருக்க வேண்டும். அரசே தயாரித்த சரியான தாளைப் பகிர்ந்தவர் மேல் அது பாயாது.

நம் நாட்டில் பயமுறுத்தும் சட்டம் 1923-ஆம் வருடத்து அலுவல் ரகசியச் சட்டம். வெள்ளைக்காரன் போட்டது. அதன் 5-ஆம் பிரிவில் கொடுத்தவர், வாங்கியவர் இருவருமே மாட்டலாம், மூன்று வருடம் வரை தண்டனை. எது 'ரகசியம்' என்று சட்டத்தில் சரியான வரையறை கிடையாது. தாளின் தலையில் முத்திரை குத்துகிற கைதான் முடிவு செய்கிறது. ஆனால் 2005 தகவல் அறியும் உரிமைச் சட்டம் வந்த பிறகு நிலைமை மாறிவிட்டது. 22-ஆம் பிரிவு, ரகசியச் சட்டம் குறுக்கே வந்தாலும் இந்தச் சட்டமே செல்லும் என்கிறது. 8(2)-இன் படி, மறைப்பதால் காக்கப்படும் நலனைவிட வெளியிடுவதால் வரும் பொது நலன் பெரிது என்றால் கொடுக்கலாம். நாட்டின் பாதுகாப்பு சம்பந்தப்பட்ட வரிகள் இருந்தால் 10-ஆம் பிரிவின்படி அதை மட்டும் மறைத்துவிட்டு மீதியைக் கொடுக்க வேண்டும். உயிர் சம்பந்தப்பட்ட தகவல் என்றால் 48 மணி நேரத்தில் பதில் சொல்ல வேண்டும்.

கசிந்த தாளை நீதிமன்றம் பார்க்கலாமா என்ற கேள்வியும் நம் உச்ச நீதிமன்றத்துக்கு வந்தது. ரஃபேல் போர் விமான வழக்கின் சீராய்வு மனுவில், பத்திரிகையில் வந்த ஆவணங்கள் திருட்டுப் போனவை, அவற்றைப் பார்க்கவே கூடாது என்று மத்திய அரசு வாதிட்டது. 2019 ஏப்ரல் 10 அன்று மூன்று நீதிபதிகள் அந்த ஆட்சேபத்தைத் தள்ளினார்கள். (மனு கடைசியில் நவம்பரில் தள்ளுபடியானது. அது வேறு விஷயம்.)

ஆனால் கொடுத்தவரைக் காப்பாற்ற வழி இல்லை. தகவல் தருவோர் பாதுகாப்புச் சட்டம் 2014-இல் நிறைவேறியது. அதை நடைமுறைக்குக் கொண்டுவரும் அறிவிப்பு வருடக் கணக்கில் வராமலே கிடக்கிறது. பாவு அண்ணா சொன்ன தம்பி மாதிரி தற்காலிக வேலையில் இருப்பவருக்கு அந்தச் சட்டம் வந்தாலும் எந்த அளவுக்கு உதவும் என்பது எனக்குச் சந்தேகம்தான்.


பவர்டேபிள்_திருப்பூர் | இரவு 8:40

நேற்றிலிருந்து கோபி ஐயா எழுதியதையே யோசித்துக்கொண்டிருக்கிறேன். கிரீஸ் உதாரணம் என்னை நிறுத்திவிட்டது. அதை மறுக்க எனக்கு வழி இல்லை. வங்கி விழும் என்று ஊருக்குத் தெரிந்தால், தெரிந்ததாலேயே விழும்.

ஆனால் ஆறு அப்படி இல்லையே ஐயா. பள்ளிபாளையத்துக்காரருக்கு முன்கூட்டியே தெரிந்துவிட்டது என்பதற்காகக் காவிரி ஒரு அங்குலம் கூட ஏறாது. ஷட்டர் சங்கிலி அறுவதும் நாம் வரைபடத்தைப் பார்த்ததால் நடக்காது. கொள்ளைநோயும் அறிக்கையைப் படித்துவிட்டு வருவதில்லை. இந்த இரண்டு வகைத் தாளையும் ஒரே பீரோவில் ஒரே பூட்டுப் போட்டு வைத்திருக்கிறார்கள். நான் கேட்பது இந்த இரண்டாவது வகையை மட்டும்.

லாரி நெரிசல் இரண்டுக்கும் நடுவில் நிற்கிறது, அதை ஒத்துக்கொள்கிறேன். தெரிந்தால் கொஞ்சம் பதுக்குவார்கள். ஆனால் தங்கச்சி லீட்ஸிலிருந்து எழுதியதைப் பாருங்கள். பெரிய கம்பெனிக்கு ஆறு வாரத்துக்கு இருப்பு வை என்று சொல்லியாகிவிட்டது. பெரியவருக்குத் தெரியும், சின்னவருக்குத் தெரியாது. மறைத்தால் எல்லாருக்கும் சமமாக மறைவதில்லை. என் 2019 அதேதான். பையர் தன் கையைக் காப்பாற்றிக்கொண்டார், கம்பெனி தன் கையை, கடைசியில் ஸ்டிக்கர் ஒட்டிய கை மாட்டியது. பேக்கிங் அம்மிணிக்கு அந்த மாதம் நான் முழுச் சம்பளம் கொடுத்தேன். பக்கத்து யூனிட்டில் இரண்டு வாரம் வேலை இல்லை என்று அனுப்பிவிட்டார்கள்.

"தாளில் இல்லாத தெருக்காரர் தூங்கிவிட்டால்" என்று கேட்டீர்கள். அதையும் அந்தத் தாளிலேயே எழுதிவிடலாமே. 'இது மதிப்பீடு, பவானியும் சேர்ந்து வந்தால் கூடும்' என்று ஒரு வரி. எங்கள் மக்களுக்கு அது புரியும். பருத்தி விலையும் டாலர் ரேட்டும் நாளைக்கு என்ன என்று தெரியாமலே பிழைக்கிற ஊர் இது. மதிப்பீடு என்றால் என்னவென்று இங்கே யாருக்கும் பாடம் எடுக்க வேண்டியதில்லை.


ஓய்வு_வருவாய்_கோபி | இரவு 10:02

நீங்கள் பிரித்த விதம் சரி. இவ்வளவு நாள் நான் அப்படிப் பிரித்துப் பார்த்ததில்லை.

ஒன்றை மனம் விட்டுச் சொல்கிறேன். பணியில் இருந்தபோது நானும் இதுபோல ஒரு பட்டியல் தயாரித்தேன். ஆற்றோரம் இரண்டு நாள் நடந்து, பெரியவர்களிடம் பழைய வெள்ளத் தடம் எதுவரை என்று கேட்டுக் கேட்டு எழுதினேன். சில வீட்டுச் சுவரில் அவர்களே கோடு போட்டு வைத்திருந்தார்கள். அவர்களிடமிருந்து வாங்கிய விவரம் அது. கோப்பில் வைக்கும்போது மேலே ஒரு சிவப்பு முத்திரை விழுந்தது. யாரும் சொல்லவில்லை, வழக்கம் அப்படி. கொடுத்தவர்களுக்கே திருப்பிக் காட்டவில்லை என்பது உங்கள் பதிவைப் படித்த பிறகுதான் உறைக்கிறது.

பாவுநூல், நீங்கள் செய்ய வேண்டியதைச் சொல்கிறேன். மாவட்டப் பேரிடர் மேலாண்மைத் திட்டம் பல மாவட்டங்களில் இணையதளத்திலேயே இருக்கும், அதை முதலில் பாருங்கள். அதில் தாழ்வான பகுதிகள் என்று ஊர்ப் பெயர் இருக்கும், தெரு இருக்காது. தெரு வாரியான பட்டியல் கீழ்மட்ட அலுவலகக் கோப்பில் இருக்கும். அதைப் பெயர் சொல்லிக் கேளுங்கள். "வெள்ளம் பற்றிய எல்லாத் தகவலும்" என்று கேட்டால் ஒன்றும் வராது.


பாவுநூல் | இரவு 10:45

ரொம்ப நன்றிங்க ஐயா. நீங்கள் மனம் விட்டு எழுதியதற்கும்.

அந்தப் பையனிடம் இன்று போனில் பேசினேன். இப்போது ஈரோட்டில் ஒரு மருந்துக் கடையில் இருக்கிறான். இந்த இழையைக் காட்டட்டுமா என்று கேட்டேன், அனுப்புங்கண்ணா என்றான். அவன் பெயர் எங்கேயும் வராமல் பார்த்துக்கொள்வோம்.

பத்து ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் வாங்கி வைத்துவிட்டேன். திங்கட்கிழமை நேரில் கொடுக்கப் போகிறேன். எழுதியது இதுதான்: "மேட்டூர் அணையிலிருந்து காவிரியில் வெளியேற்றப்படும் நீரின் அளவுக்கு ஏற்ப, பள்ளிபாளையம் பகுதியில் நீர் புகும் தெருக்கள் குறித்துத் தங்கள் அலுவலகத்தில் உள்ள ரகசியப் பட்டியலின் நகலை வழங்குமாறு கேட்டுக்கொள்கிறேன்." வக்கீல் தம்பி, சரி பார்த்துச் சொல்லுங்க.


கோவை_வக்கீல் | இரவு 11:08

'ரகசிய' என்ற சொல்லை எடுத்துவிடுங்கள் அண்ணா. அந்தப் பெயரை நீங்களாக அதற்கு வைக்க வேண்டாம். "கடைசியாகத் திருத்திய தேதியுடன்" என்று சேர்த்துக்கொள்ளுங்கள். மற்றபடி சரி. கொடுத்ததும் தேதி போட்டு ஒப்புகை வாங்க மறக்காதீர்கள்.